வேலைநிறுத்தம் கூடாது, சரி, பேச்சுவார்த்தை?

2017 நவம்பர் 27. திருவண்ணாமலையில் தீபத் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரம். அன்றுதான் அரசு மருத்துவமனைகளின் தொகுப்பூதியச் செவிலியர்கள் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவ சேவைகள் இயக்குநரக) வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வில் தேறி வந்தவர்கள் அவர்கள். சம்பளம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்ற வாக்கு நிறைவேறவில்லை. மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்பும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. டிசம்பர் 2-ல் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வரவிருந்த ஊரிலிருந்து பார்த்தால் உத்தரவில் தவறு காண்பது கடினம்.

ஆனால் இந்த வேலைநிறுத்தத் தடையின் பின்னணியைப் பார்க்க வேண்டும். மருத்துவமனை 'தொழிலா' என்பதிலேயே உச்ச நீதிமன்றம் தடுமாறியிருக்கிறது: 1960-ல் ஆம், 1970-ல் இல்லை, 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் மீண்டும் ஆம். அதனால் தனியார் மருத்துவமனை நர்ஸுக்குத் தொழிற்தகராறு சட்டத்தின் வாசல் திறந்தது. அரசுச் செவிலியருக்கோ அரசு ஊழியர் நடத்தை விதி குறுக்கே நின்றது. 2003-ல் தமிழக அரசு வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் ஊழியர்களை ஒரே மூச்சில் நீக்கியபோது, ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்றது. அரசு வேலையில் பாதுகாப்பு இருக்கிறதே, பிறகு போராட்டம் எதற்கு என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். நிரந்தர ஊழியர் விஷயத்தில் இது ஓரளவு பொருந்தும். தொகுப்பூதியச் செவிலியருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. தடை மட்டும் முழுதாக இருந்தது. என் பார்வையில் அநீதி இங்கேதான் தொடங்குகிறது.

'சேவையில் இருப்பவர்கள் கூலி பேசலாமா?' என்று கேட்போர் இன்றும் உண்டு. பட்டயமோ பட்டமோ படித்து, செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து, மருந்தளவு தவறினால் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்றவரிடம் சேவையை மட்டும் எதிர்பார்ப்பது வசதியான பக்தி. நோயாளியின் உயிரைக் காட்டிச் சொல்லப்படும் மறுப்பு இதைவிடக் கனமானது. அதை நான் ஏற்கிறேன். வேலைநிறுத்தத்தைத் தடுக்கலாம். தடுத்தால் சமரசம், நடுவர் தீர்ப்பு போன்ற வேறு வழியைத் திறந்து வைக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-ல் செவிலியருக்கென்றே நிறைவேற்றிய 149-ஆம் உடன்படிக்கை சொல்வதும் ஏறக்குறைய இதுதான். இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. தமிழகத்தில் 7,700 ரூபாய் 14,000 ஆனது 2018-ல், அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான்.