விற்கப்பட மறுத்த வீரர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் அரசியலமைப்புத் திருத்தமொன்றினால் ஒழிக்கப்பட்டது. அதற்கு நூறாண்டுகள் சென்ற பின்னரும், அந்நாட்டில் ஒரு வகைத் தொழிலாளர் தம் சம்மதம் கேட்கப்படாமலே ஒரு முதலாளியிடமிருந்து மற்றொரு முதலாளிக்கு மாற்றப்பட்டு வந்தனர். அவர்களை விலைக்குக் கொள்ளலாம், விற்கலாம், ஆளுக்கு ஆளாகப் பண்டமாற்றுச் செய்யலாம். சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் உழன்ற ஏழைகளின் நிலையன்று இது. பல்லாயிரம் மக்கள் ஆரவாரித்து வரவேற்ற பேஸ்போல் ஆட்டக்காரரின் நிலையே இவ்வாறிருந்தது. அந்நிலையை ஏற்க மறுத்து, நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடி, அதன் விளைவாகத் தம் தொழிலையே இழந்தவர் கேர்ட் பிளட் என்னும் வீரர்.

பேஸ்போல், கிரிக்கெற்றுக்கு உறவு சொல்லத்தக்க ஓர் ஆட்டம். களத்திலே நிற்போர் ஒன்பதின்மர். அவர்களுள் அறுவர் பந்தெறியும் இடத்தையும் தளங்களையும் சூழ நிற்பர். எஞ்சிய மூவரும் தொலைவிலே, பரந்த புல்வெளியிலே நின்று, உயர எழும்பி வரும் பந்துகளைப் பிடிக்கும் கடமையுடையவர். இம்மூவருள் நடுவில் நிற்பவரது பொறுப்பே பெரிது. துடுப்பிலே பந்து படும் ஓசையைக் கேட்ட மாத்திரத்தில், அது விழுமிடத்தை உய்த்துணர்ந்து, பல சமயங்களில் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே அவர் ஓடுதல் வேண்டும். அந்த நடுவிடத்திலேதான் பிளட் பன்னிரண்டு ஆண்டுகள் புகழோடு நின்றார்.

அவரைப் பிணித்திருந்த விதியின் வரலாற்றை முதலில் நோக்குவோம். 1879ஆம் ஆண்டில் கழக உரிமையாளர் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஒவ்வொரு கழகமும் ஆட்டக்காரர் ஐவரைத் தனக்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். அவர்களைப் பிற கழகங்கள் அழைத்தலாகாது என்பதே அதன் சாரம். நாளடைவில் இவ்விதி எல்லா ஆட்டக்காரரையும் தழுவியதாயிற்று. ஓராண்டு ஒப்பந்தம் முடிந்ததும் அதனை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பிக்கும் உரிமை கழகத்துக்கு உண்டு. அவ்வாறு புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே உரிமை அடங்கியிருக்கும். ஆகவே, பதின்ம வயதிலே ஒருமுறை கையொப்பமிட்ட இளைஞன், ஆட்டத்தைத் துறக்கும் வரையில், அல்லது கழகமே அவனை விடுவிக்கும் வரையில், அதற்கே உரியவனானான்.

வணிகப் போட்டியைக் கூட்டுச் சேர்ந்து தடுப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றமாகும். ஆயினும், பேஸ்போல் காட்சிகள் மாநிலங்களுக்கிடையே நிகழும் வாணிபம் ஆகா என்று 1922ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1953ஆம் ஆண்டில் மற்றொரு வழக்கிலும் அத்தீர்ப்பே நிலைநிறுத்தப்பட்டது. குத்துச்சண்டைக்கும் அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று அதே நீதிமன்றம் 1955ஆம், 1957ஆம் ஆண்டுகளில் கூறிற்று. பேஸ்போல் மட்டும் சட்டத்துக்குப் புறத்தே நின்றது.

கேர்ட் பிளட் 1938ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிற் பிறந்து, கலிபோர்னியாவிலுள்ள ஓக்லண்டில் வளர்ந்தார். கறுப்பினத்தவர் எவரும் பெருங் கழகங்களில் ஆடலாகாது என்றிருந்த தடையை ஜாக்கி ரொபின்சன் 1947இல் உடைத்தபோது பிளட்டுக்கு வயது ஒன்பது. 1956இல் சின்சினாட்டிக் கழகம் அவரை ஒப்பந்தஞ் செய்து, பயிற்சிக்காகத் தென் மாநிலங்களிலுள்ள சிறு கழகங்களுக்கு அனுப்பியது. அங்கே அவர் திறமையாக ஆடினார். ஆயினும், வெள்ளையரான தோழர் உணவுச் சாலையிலே அமர்ந்து உண்ண, அவர் அங்கே நுழைய முடியாதிருந்தது. அவர் அணிந்த ஆடையும் பிறர் ஆடைகளோடு சேர்த்துச் சலவை செய்யப்படவில்லை. களத்திலே கைதட்டுதலையும் களத்துக்கு வெளியே இழிவையும் ஒருங்கே அனுபவித்த அந்நாள்கள் அவர் உள்ளத்திலே ஆழப் பதிந்தன.

1957ஆம் ஆண்டின் இறுதியில் அவர் வெனிசுவேலாவில் ஆடிக்கொண்டிருந்தபோது, தாம் சென் லூயிஸ் நகரத்துக் கார்டினல்ஸ் கழகத்துக்கு மாற்றப்பட்ட செய்தி அவரை எட்டியது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. யாரும் அவரது கருத்தைக் கேட்கவில்லை. இனியொருமுறை இவ்வாறு நிகழ இடங்கொடேன் என்று அவர் தமக்குள்ளே உறுதி செய்துகொண்டார்.

சென் லூயிசிலே அவர் பெற்ற சிறப்புகள் பல. 1963 முதல் 1969 வரை ஆண்டுதோறும், சிறந்த களத்தடுப்பாளருக்குரிய பொற்கையுறைப் பரிசு அவருக்கே கிடைத்தது. 1966ஆம் ஆண்டு முழுவதிலும் அவர் கையினின்று ஒரு பிழையேனும் நிகழவில்லை. தொடர்ச்சியாக 226 ஆட்டங்களில் பிழையின்றி ஆடிய சாதனையும் அவருடையது. அவர் அடித்து வெற்றி கண்ட பந்துகள் 1,861. 1964இலும் 1967இலும் கார்டினல்ஸ் கழகம் உலகக் கிண்ணத்துக்கு நிகரான உலகத் தொடரை வென்றபோது அவர் அதன் தூண்களுள் ஒருவராக விளங்கினார்.

1968ஆம் ஆண்டுத் தொடரின் இறுதி ஆட்டத்தில் மட்டும் ஊழ் வேறுவிதமாக அமைந்தது. உயர வந்த ஒரு பந்தைக் கணிப்பதில் அவர் தவறினார். முன்னே ஓரடி வைத்துப் பின்னே திரும்புகையிற் கால் சறுக்கியது. பந்து தலைக்கு மேலே சென்றது. எதிரணியினர் இருவர் ஓடிச் சேர்ந்து ஓட்டம் பெற்றனர். டெட்ரோய்ட் கழகம் வென்றது. பழுதற்ற கைகளென்று புகழப்பட்டவருக்கு அந்த ஒரு பந்து நீங்கா வடுவாயிற்று.

மறு ஆண்டு அக்டோபரில், முப்பத்தொரு வயதினரான அவருக்குக் கழக அலுவலர் ஒருவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அவரையும் வேறு மூவரையும் பிலடெல்பியாக் கழகத்துக்குக் கொடுத்து, அங்கிருந்து மூவரைக் கார்டினல்ஸ் பெற்றுக்கொண்டது என்பதே செய்தி. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு ஒரு சில சொற்களிலே முடிந்தது. அக்காலத்தில் அவர் பெற்ற சம்பளம் ஆண்டுக்கு 90,000 டொலர். பிலடெல்பியாவோ அதனினும் மிகுதியாகத் தர முன்வந்தது. ஆகவே, பணத்தைக் கருதியிருப்பின் அவர் பேசாது சென்றிருக்கலாம். அவர் போகவில்லை.

ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர் மார்வின் மில்லர், உருக்குத் தொழிலாளர் சங்கத்திலே பணியாற்றி அனுபவம் பெற்றவர். வழக்குத் தொடுக்க எண்ணுவதாகப் பிளட் கூறியபோது, மில்லர் அவரை உற்சாகப்படுத்தவில்லை. பழைய தீர்ப்புகள் இரண்டும் எதிராக நிற்கின்றன. வெற்றி கிட்டுவது அரிது. வென்றாலும் அவருக்குப் பயன் கிடையாது. எந்தக் கழகமும் பின்னர் அவருக்குத் தொழில் கொடாது என்று ஒளியாது உரைத்தார். பிற ஆட்டக்காரருக்கு இதனால் நன்மை உண்டாகுமா என்று பிளட் வினவினார். உண்டாகும் என்று மில்லர் விடையிறுத்தார். அது போதும் என்றார் பிளட்.

1969 டிசம்பரில் போர்ட்டோ ரிக்கோவிலே கூடிய ஆட்டக்காரர் பிரதிநிதிகள் முன் அவர் தம் நிலையை விளக்கினார். கறுப்பினத்தவர் என்ற காரணத்தினாலேயே இவ்வழக்கில் இறங்குகிறீரா என்று ஒருவர் கேட்டார். இனக் கொடுமையை நுகர்ந்தவனாதலின் அநீதி தம்மை மிகுதியாகச் சுடுகின்றது என்பதை மறுக்க முடியாது. ஆயினும், எல்லா ஆட்டக்காரருக்காகவுமே இதனைச் செய்கிறேன் என்று அவர் கூறினார். இருபத்தைந்து பேரும் ஒருமனதாக ஆதரவளித்தனர்.

டிசம்பர் 24ஆம் நாள் பேஸ்போல் ஆணையாளர் போவி கூனுக்கு அவர் ஒரு கடிதம் வரைந்தார். தம் விருப்பத்தைப் பொருட்படுத்தாது வாங்கவும் விற்கவும் தாம் ஓர் உடைமைப் பொருள் அல்லர். பிற கழகங்களின் அழைப்புகளையும் சீர்தூக்கி முடிவு செய்யும் உரிமை தமக்கு உண்டு என்பது அதன் கருத்து. அவர் மனிதர் என்பதை ஏற்றுக்கொண்ட ஆணையாளர், ஒப்பந்தமோ ஒப்பந்தமே என்று மறுமொழி விடுத்தார். இத்துணைச் சம்பளம் பெறுபவர் அடிமையென்று சொல்லலாமா எனத் தொலைக்காட்சியிற் கேட்கப்பட்டபோது, நல்ல கூலி பெறும் அடிமையும் அடிமையே என்னும் கருத்துப்படப் பிளட் விடை பகர்ந்தார். பத்திரிகைகள் பல அவரை நன்றி கெட்டவர் என்று எள்ளின.

1970 ஜனவரியில் நியூயோர்க்கிலே வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. முன்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியாயிருந்த ஆர்தர் கோல்ட்பேர்க் அவருக்காக வாதாடினார். ஓய்வு பெற்றிருந்த ஜாக்கி ரொபின்சனும் ஹாங்க் கிரீன்பேர்க்கும் மன்றத்துக்கு வந்து சாட்சி கூறினர். ஆனால், அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரருள் ஒருவரேனும் அங்கே வந்து அவரருகில் அமரவில்லை. வாக்கினால் ஆதரித்தவர்கள் முகத்தைக் காட்ட அஞ்சினர். முதலாளிகளின் சினம் தம்மேலும் பாயும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்த அச்சமே வழக்கின் நியாயத்துக்குச் சிறந்த சாட்சியாயிருந்தது எனலாம்.

1970ஆம் ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. கீழ் மன்றமும் மேன்முறையீட்டு மன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. 1971இல், வழக்குக்கு ஊறின்றி வாசிங்டன் கழகத்திலே சேர்ந்தார். ஆனால் பழைய கால்களும் கண்களும் திரும்பி வரவில்லை. பதின்மூன்று ஆட்டங்களின் பின்னர் அவர் விலகி, நாட்டையும் நீங்கி, ஸ்பெயினுக்குரிய மஜோர்க்காத் தீவிற் சென்று தங்கினார்.

1972 ஜூன் 19ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை வெளியிட்டது. நீதிபதி பிளாக்மன் எழுதிய அத்தீர்ப்பு, பேஸ்போலின் பெருமையைப் போற்றி, முற்கால வீரர் பலரின் பெயர்களை வரிசையாக அடுக்கியது. பேஸ்போலுக்கு அளிக்கப்பட்ட விலக்கு முறைக்கு மாறானது என்பதையும் ஒப்புக்கொண்டது. எனினும், நீடித்து வந்த அம்முறையைத் திருத்த வேண்டியது காங்கிரஸ் சபையின் கடமை என்று கூறி, ஐவருக்கு மூவர் என்ற கணக்கிலே பிளட்டின் வழக்கைத் தள்ளியது. தவறு தவறே, ஆயினும் அது பழைய தவறாகலின் நிலைக்கட்டும் என்பதே அதன் பொருளாயிற்று. மாறுபட்ட மூவருள் ஒருவரான டக்ளஸ், 1953ஆம் ஆண்டுத் தீர்ப்பிலே தாம் உடன்பட்டதற்காக வருந்துவதாக எழுதினார். மற்றொருவர், அடிமையாயிருந்த ஒருவரின் கொள்ளுப் பேரனான தர்கூட் மார்ஷல்.

வழக்கு தோற்றது, ஆனால் விதியின் அநீதியை நாடு முழுவதும் அறிந்துகொண்டது. பத்தாண்டுகள் ஆடி, அவற்றுள் இறுதி ஐந்தாண்டுகளை ஒரே கழகத்திற் கழித்தவரை அவர் சம்மதமின்றி மாற்றலாகாது என்று 1973இல் உரிமையாளர் இசைந்தனர். அதே ஆண்டுகளிற் சங்கம் பெற்ற நடுவர் தீர்ப்பு முறையின் வாயிலாக, 1975 டிசம்பரில் மெசர்ஸ்மித், மக்னாலி என்னும் பந்தெறியாளர் இருவருக்குச் சார்பாக நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பளித்தார். ஒப்பந்தத்தை ஒருமுறை மட்டுமே புதுப்பிக்கலாம் என்று அவர் பொருள் கொண்டார். அத்துடன் பழைய விதியின் உயிர் போயிற்று. 1967இல் ஏறக்குறைய 19,000 டொலராயிருந்த ஆட்டக்காரரின் சராசரிச் சம்பளம், 1992ஆம் ஆண்டளவிற் பத்து இலட்சம் டொலரையும் கடந்தது.

இச்செல்வத்தில் ஒரு பங்கேனும் பிளட்டைச் சேரவில்லை. கடனும் குடிப்பழக்கமும் அவரை நெடுநாள் வாட்டின. பின்னர் அவர் அவற்றினின்று மீண்டார். 1994இல் ஆட்டக்காரர் வேலைநிறுத்தஞ் செய்திருந்த காலத்தில் அவர்களின் கூட்டத்தில் அவர் உரையாற்றியபோது, அனைவரும் எழுந்து நின்று கைதட்டினர். அன்று நீதிமன்றத்திலே வெறுமையாய்க் கிடந்த இருக்கைகளுக்கு, ஒரு தலைமுறை கழிந்து, அவ்வாறு விடை கிடைத்தது.

1997 ஜனவரி 20ஆம் நாள், தொண்டைப் புற்றுநோயினால், தமது ஐம்பத்தொன்பதாம் வயதில் அவர் காலமானார். அதற்கு இருபத்தொரு மாதங்களின் பின்னர், 1998 அக்டோபரில், பெருங்கழக ஆட்டக்காரருக்கும் ஏனைய விளையாட்டு வீரருக்குரிய சட்டப் பாதுகாப்பை வழங்கும் சட்டமொன்றிலே ஜனாதிபதி கிளின்டன் கையொப்பமிட்டார். அச்சட்டத்துக்குக் கேர்ட் பிளட் சட்டம் என்றே பெயர் சூட்டப்பட்டது.

நீதிமன்ற அறிக்கைகளில் அவர் பெயர் இன்றும் தோற்றவர் பெயராகவே நிற்கின்றது. தாம் தோற்கக்கூடும் என்பதையும், வென்றாலும் தமக்கு ஒன்றுமில்லை என்பதையும் முன்னரே அறிந்து, அதன் பின்னரும் கையொப்பமிட்டவர் அவர். அவருக்குப் பின்வந்த ஆட்டக்காரர் தம் ஒப்பந்தங்களிற் சுதந்திரமாகக் கையொப்பமிடும் உரிமையை அந்த ஒரு கையொப்பத்துக்கே பெரிதும் கடன்பட்டுள்ளனர்.