காற்றின் ஈரமும் ‘பதம்’ என்னும் சொல்லும்

காற்றில் கலந்துள்ள நீராவியை அளந்தறிதல் இயற்பியலார் கடன். அவ்வளவைக்குரிய சொல்லை ஆராய்தல் மொழிநூலார் கடன். ஏழாயிரம்பண்ணை, சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பட்டாசுத் தொழில் நிலத்தில் இவ்விரு கடன்களும் ஒன்றுபடுகின்றன. வெடிமருந்தைக் கையாளும் மக்களுக்குச் சொல்லின் தெளிவு உயிர்க்காப்பும் ஆகும். ஆதலின் அவ்வளவையின் வரலாற்றையும் சொல்லின் நிலையையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

பண்டைத் தமிழர் கீழ்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும் வழங்கினர். கொண்டல் மேகத்தையும், கோடை வெம்மைப் பருவத்தையும் குறித்தலின், இப்பெயர்கள் திசையோடு ஈரத்தையும் வறட்சியையும் உணர்த்தின எனக் கொள்ளலாம். இக்கரிசல் நிலத்திற்கு அப்பெயர்கள் மிகப் பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் நீரைப் பெரிதும் தன்பால் இறக்கிக்கொள்வதால் மேல்காற்று இங்கு வறண்டு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கடலிலிருந்து வரும் காற்றே மழை தருகிறது.

உலக வழக்கிலோ காற்றின் ஈரம் பொருள்களின் மாற்றத்தால் அறியப்பட்டது. உப்புக் கசிந்தது, அப்பளம் நமத்தது, பட்டாசு நமத்தது என்பன அவ்வழக்குகள். மேனாட்டு அளவைக் கருவிகளின் தோற்றமும் இத்தகையதே. 15-ஆம் நூற்றாண்டில் கூசா நகரத்து நிக்கோலாசு, தராசில் இட்ட கம்பளியின் எடை மாற்றத்தால் காற்றின் ஈரத்தை அறியலாம் என்றார். 1783-இல் சோசூர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர், மனிதமயிர் ஈரத்தில் நீளுதலை அடிப்படையாகக் கொண்ட கருவியை விளக்கி நூல் வெளியிட்டார். 1820-இல் இங்கிலாந்தில் தானியல் வேறொரு வழி கண்டார். குளிர்ந்த பரப்பில் பனி படியும் வெப்பநிலையைக் கொண்டு நீராவியின் அளவைக் கணித்தார். பின்னர் உலர்குமிழ், ஈரக்குமிழ் என்னும் இரட்டை வெப்பமானிகள் பரவின. இந்தியாவில் 1875-இல் வானிலைத் துறை நிறுவப்பட்டது.

ஈண்டு ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. தானியலின் கருவி நீராவியின் அளவைக் காட்டுவது. மயிரும் உப்பும் அவ்வளவை நேரே காட்டா. காற்று அவ்வெப்பநிலையில் தாங்கக்கூடிய முழு அளவோடு ஒப்பிடும்போது அதில் உள்ள நீராவி எத்துணை என்பதையே காட்டும். 30 பாகை செல்சியசில் ஒரு கனமீட்டர் வெளி ஏறத்தாழ 30 கிராம் நீராவி கொள்ளும். 20 பாகையில் 17 கிராமே கொள்ளும். எனவே 15 கிராம் நீராவி நண்பகலில் 50 விழுக்காடாகவும், குளிர்ந்த விடியலில் ஏறத்தாழ 88 விழுக்காடாகவும் நிற்கும். அளவு ஒன்றே, நிலை வேறு.

இவ்விரண்டையும் ‘ஈரப்பதம்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது இன்று பெருவழக்கு. ‘பதம்’ என்பது பாகுபதம் என்பதிற்போலப் பொருளின் நிலையைக் குறிப்பதன்றி அதன் அளவைக் குறிப்பதன்று. ஆகவே ஒப்பு விழுக்காட்டிற்கே ஈரப்பதம் என்னும் சொல் உரியது. கிராமில் கூறும் அளவை ‘நீராவி அளவு’ என்று வேறாக வழங்குதல் தகும் என்பது எம் கருத்து.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் அதனைத் தொடங்கினர்; பட்டாசுத் தொழில் அதன்பின் வளர்ந்தது. வறண்ட வானிலை இத்தொழில்களுக்குத் துணைநின்றது. மருந்துப் பொருள்கள் நீரை ஏற்பது பதத்தைப் பொறுத்தது. சோடியம் நைட்ரேட்டு ஏறத்தாழ 74 விழுக்காட்டிலேயே காற்றின் நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். வெடியுப்பு 90 விழுக்காட்டிற்கு மேல்தான் அந்நிலை அடையும். பட்டாசிற்கு வெடியுப்பைத் தேர்ந்தமைக்கு இஃது ஒரு காரணம்.

ஈரம் மிகுதலும் குறைதலும் ஒருங்கே தீங்காதல் இத்தொழிலின் இயல்பு. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவை நனைந்தால் தானே வெப்பமுற்றுத் தீப்பற்றக்கூடும். காற்று மிக வறண்டால் உராய்வில் தோன்றும் நிலைமின்சாரம் நீங்காது தங்கிப் பொறி எழுப்பக்கூடும். 2021 பிப்ரவரி 12-இல் ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சன்குளத்துப் பட்டாசு ஆலை வெடிப்பில் பலர் மாண்டனர். அதற்குக் காற்றின் ஈரம் காரணம் என்று யாம் கூறவில்லை. அத்தகைய இடத்தில் பணிபுரிவோர்க்கு எழுதும் அறிவிப்பில் ஒரு சொல் இருபொருள்படுதல் ஆகாது என்பதே எம் துணிபு.

கலைச்சொல் ஆக்குவோர் புதுச்சொல் தேடுமுன், வழக்கிலுள்ள சொல்லின் பொருளெல்லையை வரையறுத்தல் வேண்டும். உப்பும் பட்டாசும் உணரும் அவ்வேறுபாட்டை நம் சொல்லும் உணர்த்துக.