சங்கு ஊதாத ஷிஃப்ட்

என் அம்மிச்சி சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ரீலிங் வேலை பார்த்தவர். இத்தனை சிட்டம் நூலுக்கு இத்தனை காசு என்று பீஸ் ரேட் கூலி. அவர் பேத்தி, என் சித்தி மகள், பல்லடத்தில் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் படங்களுக்குக் கட்டம் போடுகிறாள்: இது கார், இது நாய், இது ஆள். செயற்கை நுண்ணறிவைப் பழக்கும் டேட்டா லேபிளிங். அதுவும் பீஸ் ரேட்தான். புதிய பொருளாதாரம் என்கிறார்கள். கூலிக் கணக்கில் எனக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை.

மாறியது வேறு. 1888இல் ஸ்டேன்ஸ் மில்லோடு தொடங்கி, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் பெருகிய கோவை மில்களில், பெண்களுக்கு ரீலிங், வைண்டிங், கழிவுப் பஞ்சு பொறுக்குவது போன்ற வேலைகள்தாம். சுரண்டல் இருந்தது, பாலியல் வன்முறையும் இருந்தது. ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தது. ரங்கவிலாஸ் மில் தொழிலாளி ராஜிக்கு நடந்த கொடுமையைத் தட்டிக்கேட்கப் போய்த்தான் சின்னியம்பாளையத்துத் தோழர்கள் நால்வர் கொலை வழக்கில் சிக்கி, 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். (நால்வர் பெயரும் மேடையில் ஒலிக்கும். ராஜி அந்தக் கதைக்குக் காரணமாக மட்டுமே வருவார், தொழிலாளியாக அல்ல.)

தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. 1955இல் முதலில் வந்ததும் கோவைக்குத்தான். அம்மிச்சி பிரசவ விடுப்புக்குக் காசு வாங்கியது அந்த அட்டையில். அதே சலுகைகளைச் செலவாகப் பார்த்த முதலாளிகள் பெண்களைக் குறைத்தார்கள். இரவு ஷிஃப்டில் பெண்கள் கூடாது என்ற 1948 தொழிற்சாலைச் சட்டமும் அதற்குக் கை கொடுத்தது. பிறகு 'சுமங்கலி' என்ற பெயரில் கல்யாணமாகாத பெண்களை ஹாஸ்டலில் பூட்டி வைத்து வேலை வாங்கினார்கள். இரவு வேலைத் தடையை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2010இல் விளாங்குறிச்சியில் டைடல் பார்க் வந்தது. படித்த பெண்கள் இரவில் கேப் ஏறிப் போனார்கள்.

சித்தி மகளுக்குக் கேப்பும் இல்லை, அட்டையும் இல்லை. கிக் தொழிலாளர் என்ற சொல் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஏறிவிட்டது. 2023இல் தமிழக அரசு நலவாரியமும் அமைத்தது. அவள் நினைப்பில் வருவதென்னவோ டெலிவரிப் பையோடு பைக்கில் போகும் ஆண்தான். வீட்டுக்குள் இருக்கும் தன்னை அவள் அதில் சேர்த்துக்கொள்வதில்லை.

பிரசவத்துக்காக 20 நாள் லாகின் செய்யவில்லை. திரும்பி வந்தபோது ரேட்டிங் இறங்கியிருந்தது. வேலை வருவதே நின்றுபோனது. யாரிடம் கேட்பது? சூப்பர்வைசர் முகமே அவள் பார்த்ததில்லை. தன்னைப் போல இன்னும் எத்தனை பேர், எந்த ஊரில் என்பதும் தெரியாது. வேறொரு கம்பெனியில் முதலிலிருந்து தொடங்கினாள்.

போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு அம்மிச்சி கேட்டார்: “ஏஞ்சாமி, உனக்கு எப்பச் சங்கு ஊதுவாங்க?”

“எங்களுக்குச் சங்கே இல்லீங்க அம்மிச்சி” என்றவள், தொட்டில் கயிற்றைக் காலால் இழுத்துவிட்டு அடுத்த படத்தைத் திறந்தாள்.