நடுவில் ஒரு சுவர்: கர்ப்பப்பையின் வடிவமும் ஒரு மாத்திரையின் கதையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். என் மனைவியிடம் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க, யாருக்காவது உபயோகப்படட்டும்" என்றாள். அதனால் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் ஆள். சொந்த விஷயத்தில் ஆரம்பித்துப் பழைய மருத்துவக் கட்டுரைகளுக்குள் போய் மாட்டிக்கொண்டவன். அந்த வகையில் படிக்கவும்.

எங்களுக்குக் கல்யாணமாகி முதல் கரு பத்தாவது வாரத்தில் கலைந்தது. "முதல் கரு அப்படித்தான், கவலைப்படாதீங்க" என்றார்கள். இரண்டாவது, நாலரை மாதத்தில் போனது. அதைப்பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. அதன் பிறகு எடுத்த ஸ்கேனில்தான் தெரிந்தது, கர்ப்பப்பைக்கு நடுவில் ஒரு சுவர் இருக்கிறது என்று. டாக்டர் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் ஒரு தலைகீழ் முக்கோணம் வரைந்து, மேலிருந்து நடுவில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அந்தச் சீட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

சுவரை வெட்டி எடுத்தார்கள். அடுத்த வருடம் மகள் பிறந்தாள். இப்போது எட்டாம் வகுப்பு. "ஆபரேஷன் பண்ணதும் சரியாயிடுச்சு" என்று பத்து வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியம் சரிதானா என்பதுதான் இந்தக் கட்டுரை.

சுவர் எங்கிருந்து வந்தது?

பெண் சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போது அதற்குக் கர்ப்பப்பை ஒன்றாக உருவாவதில்லை. இடதில் ஒன்று, வலதில் ஒன்று என இரண்டு குழாய்களாகத் தொடங்குகிறது. இவற்றைப் பற்றி 1830-ல் விரிவாக எழுதியவர் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் இருந்த யோஹன்னஸ் முல்லர். அதனால் இன்றும் முல்லர் குழாய்கள் என்றே பெயர். இரண்டும் கீழ்ப்பகுதியில் நெருங்கி வந்து ஒட்டுகின்றன. பிறகு ஒட்டிய இடத்தில் இருக்கும் சுவர் கரைந்துபோய் உள்ளே ஒரே அறையாகிறது. ஒட்டாமல் மேலே பிரிந்திருக்கும் பகுதிகள்தான் கருக்குழாய்கள்.

என் தொழில் பாஷையில் சொன்னால் இது ஒரு மெர்ஜ். இரண்டு விதமாகத் தவறலாம். குழாய்கள் சரியாக ஒட்டவே இல்லை என்றால் வெளியிலிருந்து பார்த்தாலே இரண்டு கொம்பு தெரியும். அது இருகொம்புக் கர்ப்பப்பை. ஒட்டிவிட்டது, ஆனால் சுவர் கரையவில்லை என்றால் வெளியே பார்க்க சாதாரணமாக இருக்கும், உள்ளே தடுப்பு இருக்கும். எங்கள் விஷயம் இந்த இரண்டாவது. உள்ளறையை மட்டும் காட்டும் சாயம் செலுத்திய எக்ஸ்ரேயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். மேல்பக்க வெளிக்கோட்டைப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். முப்பரிமாண ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் முக்கியமாவது இதனால்தான். சிறுநீரகமும் கரு வளர்ச்சியில் பக்கத்து வீடு என்பதால், இப்படி வடிவம் மாறியவர்களுக்குச் சிறுநீரகத்தையும் ஒரு தடவை பார்க்கச் சொல்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாடு, ஆடு, நாய், பன்றிக்கெல்லாம் இரண்டு கொம்புள்ள கர்ப்பப்பைதான் இயல்பு. முயலுக்கு முழுசாகவே இரண்டு. பழங்காலக் கிரேக்க மருத்துவர் கேலன் விலங்குகளை அறுத்துப் பார்த்துத்தான் உடற்கூறு எழுதினார். அதனால் மனுஷிக்கும் இரண்டு அறை, வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண் என்றார். இடைக்கால ஐரோப்பாவில் அது ஏழு அறையாக வளர்ந்தது: வலதில் மூன்று ஆணுக்கு, இடதில் மூன்று பெண்ணுக்கு, நடுவில் உள்ளது இரண்டுங்கெட்டானுக்கு. 16-ம் நூற்றாண்டில் மனித உடல்களை ஒழுங்காக அறுத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அறை ஒன்றே என்று ஆனது. பார்க்காமலே நம்பிய விஷயங்கள் எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கு இது ஒரு உதாரணம். இன்னொன்று பின்னால் வருகிறது.

வெட்டித் தைத்த காலம்

கர்ப்பப்பையின் வடிவத்தை அறுவை செய்து திருத்தலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் பெர்லினைச் சேர்ந்த பால் ஸ்ட்ராஸ்மன். இரண்டு கொம்பையும் திறந்து ஒன்றாகச் சேர்த்துத் தைக்கும் முறையை 1907-ல் வெளியிட்டார். அவர் மகன் எர்வின் பிறகு அமெரிக்காவின் ஹூஸ்டனில் அதே வேலையைத் தொடர்ந்தார். உள்சுவருக்கும் வயிற்றைக் கிழித்துத்தான் ஆபரேஷன் செய்தார்கள். 1970-களுக்குப் பிறகு மெல்லிய குழாய்க் கேமராவைக் கீழ்வழியாக உள்ளே விட்டுச் சுவரை மட்டும் வெட்டும் முறை வந்தது. தையல் இல்லை, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம். சுலபமானதும் ஆபரேஷன்கள் பெருகின.

பலன்? 2000-ல் வெளியான ஒரு தொகுப்பில், ஆபரேஷனுக்கு முன் இந்தப் பெண்களின் கர்ப்பங்களில் 88% கலைந்திருந்தன, பின் 14% மட்டுமே கலைந்தன. இந்த எண்களைப் பார்த்த யாருக்கும் சந்தேகமே வராது. எனக்கும் வரவில்லை.

பிறகுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான கதை கண்ணில் பட்டது. அது கர்ப்பப்பையின் வடிவத்தையே மாற்றிய ஒரு மாத்திரையின் கதை.

கருவைக் காக்க வந்த மாத்திரை

1938-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் செயற்கையாக ஒரு ஈஸ்ட்ரோஜனை உருவாக்கினார்கள். டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டி.இ.எஸ். காப்புரிமை எடுக்கவில்லை. மலிவு, வாய்வழியே சாப்பிடலாம். யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்பதால் பல கம்பெனிகள் தயாரித்தன.

பாஸ்டனில் ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் என்ற தம்பதி. இருவரும் ஹார்வர்டைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள். ஹார்மோன் குறைவதால்தான் கரு கலைகிறது, டி.இ.எஸ். கொடுத்தால் நிற்கும் என்று நம்பினார்கள். ஏழாவது வாரம் தினமும் 5 மில்லிகிராமில் ஆரம்பித்து, படிப்படியாக ஏற்றி, 35-வது வாரத்தில் 125 மில்லிகிராம் வரை. 1940-களின் கடைசியில் அவர்கள் வெளியிட்ட முடிவுகள் பிரமாதமாக இருந்தன. கருக்கலைந்து தவித்த பெண்கள் குழந்தை பெற்றார்கள். ஆனால் மாத்திரை சாப்பிடாத, அதே மாதிரியான பெண்களை அருகில் வைத்து முறையாக ஒப்பிடவில்லை.

1953-ல் சிகாகோவில் வில்லியம் டீக்மன் அதைச் செய்தார். 840 பெண்களுக்கு டி.இ.எஸ்., 806 பெண்களுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. கருக்கலைவு குறையவே இல்லை. 1978-ல் அதே தரவை மறுபடி ஆராய்ந்தவர்கள், பலன் இல்லாதது மட்டுமல்ல, மாத்திரை கெடுதலே செய்திருக்கிறது என்றார்கள்.

1953-லேயே கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மேலும் 18 வருடம் டாக்டர்கள் எழுதிக்கொடுத்தார்கள். ஏன்? "என் பேஷண்டுக்குக் கொடுத்தேன், குழந்தை பிறந்தது" என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல ஆள் இருந்தது. அழுதுகொண்டு வரும் பெண்ணிடம் "ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சொல்லி அனுப்புவது சுலபமா?

1971-ல் பாஸ்டனில் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் மற்ற இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இளம்பெண்களுக்கு மிக அபூர்வமாக வரும் ஒருவகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய், எட்டுப் பேருக்கு. அதில் ஏழு பேரின் அம்மாக்கள் கர்ப்பத்தில் டி.இ.எஸ். சாப்பிட்டவர்கள். ஒப்பிட எடுத்த 32 அம்மாக்களில் ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. இந்தத் தொடர்பை முதலில் சந்தேகித்தது டாக்டர் இல்லை, ஒரு நோயாளியின் அம்மா. "அப்போ நான் சாப்பிட்ட மாத்திரையால இருக்குமோ?" என்ற ரீதியில் அவர் கேட்டதுதான் தொடக்கம். அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்க அரசு, கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது.

புற்றுநோய் வந்தவர்கள் மிகக் குறைவு. மற்ற மகள்களுக்கு வேறொன்று காத்திருந்தது. 1977-ல் ரேமண்ட் காஃப்மன் குழுவினர் அந்த மகள்களின் எக்ஸ்ரேயில் பார்த்தது: முக்கோணமாக இருக்க வேண்டிய கர்ப்பப்பை அறை, ஆங்கில 'டி' எழுத்து மாதிரி ஒடுங்கி இருந்தது. முல்லர் குழாய்கள் வளர்ந்துகொண்டிருந்த வாரங்களில் இந்த ரசாயனம் போய்ச் சேர்ந்ததன் விளைவு. 2011-ல் வந்த பெரிய ஆய்வின்படி, டி.இ.எஸ். மகள்களில் 53.3% பேருக்குக் குறைப்பிரசவ அனுபவம் இருந்தது, மற்றவர்களில் 17.8%. நடு மூன்று மாதங்களில் கருவை இழந்தவர்கள் 16.4%, மற்றவர்களில் 1.7%.

அதாவது கரு கலையாமல் இருக்க அம்மா சாப்பிட்ட மாத்திரை, மகளின் கருவைக் கலைத்தது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுபடி என் வீட்டுச் சுவருக்கு

டி.இ.எஸ். கதையைப் படித்த பிறகு அந்த 88%, 14% எண்களை மறுபடி பார்த்தேன். அதே ஓட்டை இங்கேயும் இருந்தது. ஆபரேஷனுக்கு வந்தவர்கள் யார்? ஏற்கெனவே கரு கலைந்தவர்கள். சுவர் இருந்தும் நல்லபடியாகப் பெற்றவர்கள் ஸ்கேனுக்கே வந்திருக்க மாட்டார்கள். அப்படிப் பொறுக்கி எடுத்தால் "முன்" எண் பயங்கரமாகத்தான் இருக்கும். அடுத்த முறை, எதுவுமே செய்யாவிட்டாலும், அவர்களில் பலருக்கு நல்லபடியாக நடந்திருக்கும். பகடையில் தொடர்ந்து ஒன்று விழுந்தவர்களை மட்டும் கூட்டிவந்து, திருநீறு பூசி மறுபடி உருட்டச் சொன்னால், பெரும்பாலோருக்கு ஒன்றைவிட அதிகம் விழும். அது திருநீறின் வேலையா?

ஆபீசில் இதை நான் தினமும் பார்க்கிறேன். சர்வர் மக்கர் செய்யும், யாரோ எதையோ மாற்றுவார்கள், சரியாகும். "நான் மாத்தினதாலதான்" என்பார்கள். மாற்றாத சர்வரும் சரியாகியிருக்குமா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சுவர் விஷயத்தில் அப்படிப் பார்த்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. பெயர் 'டிரஸ்ட்'. நெதர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா, ஈரான் நாட்டு மருத்துவமனைகளில் 2010 முதல் 2018 வரை ஆள் சேர்த்தார்கள். கிடைத்தது 80 பெண்கள்தான். பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேர் சும்மா காத்திருந்தார்கள். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. ஆபரேஷன் செய்தவர்களில் 31% பேருக்குக் குழந்தை. காத்திருந்தவர்களில் 35%.

அவசரப்பட வேண்டாம். 80 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆபரேஷன் வீண் என்று இது நிரூபிக்கவில்லை. சிலருக்கு, சில அளவுச் சுவருக்கு, பலன் இருக்கலாம். எது சுவர் என்பதிலேயே சண்டை இருக்கிறது. 2013-ல் ஐரோப்பிய அமைப்புகள் வகுத்த அளவுகோலில் சுவர் என்று வருவது, 2016-ல் அமெரிக்க அமைப்பு வகுத்ததில் சாதாரணம் என்று வரலாம். ஒரே பெண், ஒரே ஸ்கேன், இரண்டு பெயர். ஆனால் "வெட்டினால் சரியாகும்" என்று நான் பத்து வருடம் சொன்ன உறுதிக்கு ஆதாரம் இல்லை என்பது மட்டும் தெளிவு.

இது எனக்கு ஏன் உறைக்கிறது என்றால், நான் சும்மா சொல்லிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. என் சித்தி பொண்ணுக்கு இதே பிரச்சினை வந்தபோது, "யோசிக்காதே, உடனே பண்ணிடு" என்று போனில் அடித்துச் சொன்னவன் நான். பண்ணிக்கொண்டாள். அதற்குப் பிறகும் ஒரு கரு போனது. "உங்களுக்கு ஆச்சு, எனக்கு மட்டும் ஏன் அண்ணா ஆகலை?" என்று கேட்டாள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். உன் உடம்பு தோற்கவில்லை, நான்தான் தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி அண்ணா, விடுங்க" என்று மட்டும் பதில் வந்தது.

என் மாமியாரிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. கர்ப்பப்பையின் வடிவம் தாய் வயிற்றிலேயே முடிவாகிவிடுகிறது என்று ஒரு தடவை நான் விளக்கிவிட்டேன். அதிலிருந்து, "அப்போ நான் மாசமா இருக்கும்போது என்னத்தைத் தின்னேனோ" என்று புலம்ப ஆரம்பித்துவிட்டார். டி.இ.எஸ். போல அபூர்வமான காரணங்களை விட்டால், பெரும்பாலோருக்குச் சுவர் ஏன் கரையாமல் நிற்கிறது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. பப்பாளியும் இல்லை, பஸ் பயணமும் இல்லை. "அத்தை, உங்க மேலயும் தப்பில்ல, அவ மேலயும் தப்பில்ல" என்றேன். நம்பினாரா தெரியாது. பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

மகள் ஆபரேஷனால் பிறந்தாளா, ஆபரேஷன் இல்லாமலும் பிறந்திருப்பாளா? எங்கள் வீட்டில் அதைச் சோதித்துப் பார்க்க வழி கிடையாது. ஒரே ஒரு தடவை உருட்டிய பகடை அது. இதே சுவரோடு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: முப்பரிமாண ஸ்கேனில் வெளிக்கோட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். "செய்யாம விட்டா என்ன ஆகும்?" என்ற கேள்வியை மறக்காமல் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.