நிலம் அளந்த கதை – 17: ஒரு மைல் பருத்த தீவு

1802-இல் பரங்கிமலை அடிவாரத்தில் நில அளவையாளர் லாம்டன் சங்கிலி போட்டு அளந்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த அளவை வடக்கே போய்ச் சேர்ந்தபோது இமயமலை குறுக்கே நின்றது. கருவியை நேராக நிறுத்த உதவும் தூக்குக்குண்டை அது தன் பக்கம் இழுத்ததால், நட்சத்திரம் பார்த்துப் போட்ட கணக்கும் தரையில் அளந்த கணக்கும் 5 விகலைக்குச் சற்று அதிகமாக விலகின. தரையில் அது ஏறக்குறைய 160 மீட்டர். 1855-இல் கல்கத்தா பாதிரியார் பிராட் இதை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டார்.

இதைப்போலப் பத்து மடங்கு பிசகிய இடம் ஒன்று கரீபியன் கடலில் உண்டு: போர்ட்டோ ரிக்கோ.

1898 போரில் ஸ்பெயினைத் தோற்கடித்து அமெரிக்கா அந்தத் தீவைக் கைப்பற்றியது. கப்பல் ஓட்ட நம்பகமான வரைபடம் வேண்டுமே! அமெரிக்கக் கடலோர அளவைத் துறையினர் கருவிகளோடு வந்து இறங்கினார்கள். வடகரையில் சான் ஹுவான், தென்கரையில் பொன்சே. இரண்டு ஊரிலும் விண்மீன் பார்த்து அட்சரேகையைக் கணித்தார்கள். பிறகு குன்றுக்குக் குன்று முக்கோணமாகக் கோத்து இரண்டையும் இணைத்தார்கள். கணக்கு ஒட்டவில்லை. வானத்தை நம்பினால், சுமார் 35 மைலே அகலமுள்ள தீவு ஒரு மைல் பருத்துவிட்டது!

ஆட்கள் மேல் பிழையில்லை. தீவின் நடுவே 1,338 மீட்டர் உயர செரோ டெ புன்ட்டாவைச் சுமக்கும் மலைத்தொடர். வடக்கே 8,000 மீட்டருக்கும் ஆழமான கடல் அகழி, தெற்கேயும் ஆழ்கடல். பாறை கனம், தண்ணீர் லேசு. எந்தக் கரையில் தொங்கவிட்டாலும் தூக்குக்குண்டு மலைப் பக்கம் சாயும். குண்டு உள்ளே சாய்ந்தால், கருவி 'நேர் மேலே' என்று காட்டும் திசை கடல் பக்கம் சாயும். வடகரை இன்னும் வடக்கே போனதாகவும், தென்கரை இன்னும் தெற்கே போனதாகவும் கணக்கு வந்தது இதனால்தான். பள்ளிப் பாடத்தில் ஈர்ப்பு விசைக்கு ஆப்பிளைக் காட்டுவதற்குப் பதில் இந்தத் தீவைக் காட்டலாம்.

கடைசியில் பொன்சேக்கு எதிரே கார்டோனா என்ற குட்டித் தீவில் ஸ்பானியர் 1889-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தை மூலப்புள்ளியாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லா இடங்களையும் முக்கோணங்களின் வழியே கணக்கிட்டார்கள். '1901 போர்ட்டோ ரிக்கோ ஆதாரம்' என்று அதற்குப் பெயர். 1917-இல் டென்மார்க்கிடம் 2.5 கோடி டாலருக்கு வாங்கிய வர்ஜின் தீவுகளும் இந்தக் கணக்கிலேயே சேர்ந்தன. 1980-களில் வட அமெரிக்காவுக்கெல்லாம் புதுக் கணக்கு வரும்வரை இதுதான் அங்கே சட்டம்.

அந்த வேலையின் மிச்சத்தை இன்றைக்கும் தேடிப் பார்க்கலாம். கடற்கரையில் குடை விரித்துப் படுப்பதைவிட எனக்கு இது எவ்வளவோ தேவலை. பாறையிலோ சிமெண்டிலோ பதித்த, சுமார் 9 சென்டிமீட்டர் அகல உலோக வில்லை. நடுவில் சின்ன முக்கோணம், அதற்குள் ஒரு புள்ளி. சுற்றிலும் துறையின் பெயர். அளவை நிலையத்தின் பெயரும் ஆண்டும் அச்சால் குத்திய எழுத்தில் இருக்கும். கூடவே ஒரு மிரட்டல்: சேதப்படுத்தினால் 250 டாலர் அபராதம் அல்லது சிறை. பக்கத்திலேயே அம்புக்குறி போட்ட துணை வில்லைகள் இருக்கும். அம்பு காட்டும் திசையில் போனால் மூல வில்லை. மிகப் பழைய நிலையங்களில் வில்லையே இருக்காது. பாறையில் துளைத்த குழியோ மண்ணுக்கடியில் புதைத்த புட்டியோதான் அடையாளம்.

எந்தச் சாலையிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பாறைக்குக் கிழக்கே என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்த குறிப்பை அமெரிக்க தேசிய புவியளவைத் துறை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், குறிப்பில் உள்ள சாலை இன்று இருக்காது, பாறையைக் கொடி மூடியிருக்கும். புயலும் கடல் அரிப்பும் தின்றதுபோக மிச்சம்தான் நமக்கு. 'இருக்கிறது', 'காணவில்லை' என்று பொதுமக்கள் அனுப்பும் தகவலையும் அந்தத் துறை ஏற்றுக்கொள்கிறது.

அந்தப் பக்கம் போகிற வாசகர்கள் யாராவது இருந்தால், குறிப்பை இறக்கிக்கொண்டு போங்கள். வில்லையைப் பார்த்தால் படம் எடுங்கள், தகவல் அனுப்புங்கள். தோண்டவோ பெயர்க்கவோ வேண்டாம். இடம் மாறிய வில்லை எதற்கும் உதவாது.