ஆராய்ச்சி மானியமும் அறக்கொடையும்: கல்கத்தா சர்வகலாசாலையின் சரித்திரம்

பயிருக்கு மழை எப்படியோ, ஆராய்ச்சிக்குப் பொருளுதவி அப்படியே. மழை பருவம் தவறுங்கால் கிணறுடையான் பயிரே பிழைக்கும். துரைத்தனத்தாரின் கொள்கை மாறுந்தோறும் சர்வகலாசாலை ஆராய்ச்சி படும் பாட்டைக் கல்கத்தா சர்வகலாசாலையின் சரித்திரம் தெளிவாகக் காட்டுகின்றது. நம் குலத்து இளைஞரும் பெண்மக்களும் உயர்தரக் கல்வியை நாடும் இந்நாளில் நம்மவர் அதனை அறிதல் நலம்.

1857-ஆம் ஆண்டில் தோன்றிய அச்சர்வகலாசாலை நெடுங்காலம் பரீக்ஷை நடத்திப் பட்டமளிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தது. 1904-ஆம் ஆண்டுச் சட்டம், சர்வகலாசாலை தானே ஆசிரியரை நியமித்துப் போதிக்கவும் ஆராய்ச்சி நடத்தவும் இடமளித்தது. சட்டம் வழி திறந்ததேயன்றி, அதற்குத் தக்க பொருள் வந்திலது. அக்காலை வைஸ் சான்ஸலராக விளங்கிய ஸர் ஆசுதோஷ் முகர்ஜி தனவந்தரை நாடினார். வழக்கறிஞர்களான தாரகநாத் பாலித் 1912-லும், ராஷ்பிஹாரி கோஷ் 1913-லும் லக்ஷக்கணக்கான ரூபாய்களை வழங்கினர். அதன் பயனாக 1914-இல் விஞ்ஞானக் கலாசாலைக்கு அஸ்திவாரமிடப்பட்டது. நம் தமிழ்நாட்டு ஸர் சி. வி. ராமன், அரசாங்க நிதி இலாகாவின் பெருஞ்சம்பள உத்தியோகத்தைத் துறந்து, 1917-இல் பாலித் பெயரால் ஏற்பட்ட ஆசிரியர் பதவியை ஏற்றார். 1928-இல் அவர் கண்ட ஒளிச்சிதறல் உண்மைக்கு 1930-இல் நோபெல் பரிசு கிடைத்ததை யாவரும் அறிவர்.

இதற்கிடையில் கொள்கை மாறிற்று. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் கல்வி மாகாண மந்திரிகளின் பொறுப்பாயிற்று. 1921-இல் கல்கத்தா சர்வகலாசாலை இந்திய சர்க்காரின் மேற்பார்வையினின்று வங்காள சர்க்காரின் மேற்பார்வைக்கு மாறியது. பணமுடையில் தவித்த சர்வகலாசாலைக்கு 1922-இல் அம்மாகாண சர்க்கார் 2½ லக்ஷம் ரூபாய் தர முன்வந்து, கூடவே நிபந்தனைகளையும் விதித்தனர். ஆசுதோஷ் அதனை மறுத்துவிட்டார். பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது சர்க்காரின் கடமையே. ஆயினும் எதனைக் கற்பிப்பது, எதனை ஆராய்வது என்பதிலும் கொடுத்தவர் கை நீளுமாயின் கல்வி அடிமைப்படும் என்பது அவர் கருத்து. அம்மறுப்பு எளிதன்று, சம்பளத்தை நம்பியிருந்த ஆசிரியரே அதன் பாரத்தைச் சுமந்தனர். அவ்விடரிலும் தனித்த மூலதனத்தின்மேல் நின்ற பாலித், கோஷ் ஆசிரியர் பதவிகள் அழியாது நிலைத்தன.

சுதந்திர இந்தியாவிலும் இம்மாறுதல் ஓயவில்லை. 1956-இல் பல்கலைக்கழக மானியக் குழு சட்டபூர்வமான ஸ்தாபனமாயிற்று. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட விஞ்ஞான, பொறியியல் ஆராய்ச்சிச் சபையை நீக்கி, 2023-ஆம் ஆண்டுச் சட்டம் அநுசந்தான் தேசிய ஆராய்ச்சி ஸ்தாபனத்தை நிறுவியது. இதற்கென ஐந்தாண்டுகளுக்கு மதிப்பிடப்பட்ட 50,000 கோடி ரூபாயில் பெரும்பகுதி சர்க்காருக்கு வெளியிலிருந்தே வரவேண்டுமென்று திட்டமிடப்பட்டது. எனவே தனவந்தரின் கொடைக்கு இன்றும் வேலை உண்டு.

சர்க்கார் மானியம் வேண்டாமென்பது நம் கருத்தன்று. அத்துணைப் பெருந்தொகையைத் தனி மனிதர் எவரும் தரவியலாது. ஆனால் ஆராய்ச்சி நடுவில் நிற்குமாயின் மாணவனின் பல்லாண்டு உழைப்பு வீணாம். ஆதலின், கல்விக்குக் கொடுக்கும் அன்பர்கள், ஓராண்டுக்குக் கைப்பணம் தருவதோடு நில்லாது, வட்டியால் நடக்கும் மூலதனத்தை வைத்து, எடுத்த ஆராய்ச்சி முடியும்வரை ஒரு மாணவரையேனும் தாங்குவாராக. மழையையும் எதிர்நோக்குவோம்; கிணற்றையும் தோண்டி வைப்போம்.