தானியங்கி ஐ.பி. முகவரி ஒதுக்கீடு

வலையமைப்பில் இணையும் கருவிகளுக்கு ஐ.பி. முகவரியைத் தானாக வழங்கும் முறை. இதற்கான நெறிமுறை டிஎச்சிபி. 1985-ஆம் ஆண்டில் இதன் முன்னோடியான பூட்பி வெளிவந்தது. அதில் ஒவ்வொரு கணினிக்கும் உரிய முகவரியை நிர்வாகி முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். 1993-இல் வரையறுக்கப்பட்டு 1997-இல் திருத்தப்பட்ட டிஎச்சிபி, முகவரியைக் குத்தகைக்கு விட்டு அந்தச் சுமையைப் போக்கியது. இதன் பெருமையே அந்தக் குத்தகைதான்.

புதிதாக வந்த கருவிக்கு முகவரியும் கிடையாது, முகவரி தரும் சர்வர் எங்கே என்றும் தெரியாது. எனவே அது வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி அழைக்கிறது. சர்வர் ஒரு முகவரியை முன்வைக்கும். கருவி அதையே கோரும். சர்வர் உறுதி செய்யும். நுழைவாயில், டிஎன்எஸ் விவரங்களும் உடன் வரும். வழக்கமாக, குத்தகைக் காலம் பாதி கழிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். புதுப்பிக்காத முகவரி, காலம் முடிந்ததும் பிறருக்குப் போகும். விடுதி, நூலகம், ஆய்வகம் என மாணவர்கள் கைப்பேசியோடு நடமாடும் வளாகங்களுக்குக் குறுகிய குத்தகையே ஏற்றது. நீண்டதாக வைத்தால், போனவர்களின் முகவரிகள் முடங்கிக் கிடக்க, வந்தவர்களுக்குக் கிடைக்காது. அச்சுப்பொறி போன்றவற்றுக்கு மாறாத முகவரியை ஒதுக்கி வைப்பது நல்லது.

கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், பெரும்பாலும் சர்வரின் பதில் வரவில்லை என்று பொருள். முதலில் கேபிளையும் வைஃபை இணைப்பையும் பார்க்க வேண்டும்.